கண்ணீரும் விசுவாசமும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்த நமக்கு, ஊரிலிருந்து வரும் துக்கச் செய்தி இரட்டைத் துன்பமாகும். இழப்பு ஒன்று, உரிய வேளையில் அருகிருக்க இயலாமை மற்றொன்று.

சென்ற ஆண்டு எம் அன்னையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ரயில்வேயில் எழுத்தராயிருக்கும் யாம், புனேயிலிருந்து ஒன்றரை நாள் பயணம் செய்து ஊர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கலாகாதா என்று தமையனார்மீது கொண்ட மனத்தாங்கல் பல திங்கள் நீடித்தது. ஜெபிக்க முழங்காற்படியிட்டால் வேண்டுதல் எழவில்லை. வழக்காடும் சொற்களே எழுந்தன. ‘விசுவாசி இப்படிக் கலங்கலாமா?’ என்று கேட்டோரும் உளர். லாசருவின் கல்லறையண்டை நம் ஆண்டவரே அழுதாரல்லவா?

அந்நாளில் எமக்குத் துணை நின்றது பண்டித ரமாபாய் அம்மையாரின் வரலாறு. புனேயிலிருந்து தவுண்டு செல்லும் இருப்புப்பாதையில் கேட்காவ் என்னும் நிலையம் உண்டு. அவ்வூரில் அவர் நிறுவிய முக்தி இல்லம் இன்றும் நடைபெற்று வருகிறது.

1858-இல் வேதியர் குடும்பத்தில் பிறந்த அம்மையார், 1870-களின் பஞ்சக் கொடுமையில் தந்தை, தாய், தமக்கை மூவரையும் இழந்தார். 1880-இல் தமையனும் 1882-இல் கணவரும் மறையவே, கைக்குழந்தை மனோரமாவுடன் தனித்து நின்றார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். எனினும், தாம் கிறிஸ்து மார்க்கத்தைக் கண்டதன்றிக் கிறிஸ்துவைக் கண்டிலர் என்பதை எட்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்ததாக அவரே எழுதியுள்ளார். ஞானஸ்நானம் பெற்ற அன்றே மனப்புண் ஆறிவிடவில்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும்.

1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியபோது, அம்மையார் நேரிற்சென்று, ஆதரவற்ற சிறுமியரையும் விதவையரையும் அழைத்து வந்து காத்தார். தாம் பட்ட பசி பிறர் பசியை அறியச் செய்தது. 1921-இல் அருமை மகளும் மறைந்தார். அத்துயரிலும், வேதாகமத்தை மராத்தியில் பெயர்க்கும் பணியை அம்மையார் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு அவரும் மறைந்தார்.

விசுவாசம் துன்பத்தைத் துடைத்தெறியும் மந்திரமன்று. நம் துன்பத்தின் வழியே பிறர் துன்பத்தைக் காட்டும் விளக்காகும். தமையனாரும் தாயை இழந்தவரே, அடக்கச் சுமையைத் தனியே தாங்கியவரே என்பது அதன் பின்னரே எமக்குத் தோன்றிற்று.

கிறிஸ்துமஸ் இரவில் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நெடுநேரம் இருவருக்கும் பேச்செழவில்லை. மனக்குறை முற்றும் தீர்ந்ததெனச் சொல்லோம். ஆயினும், இப்பொழுது எம் ஜெபத்தில் அண்ணன் பெயரும் வருகிறது.