தாயும் பாலும் – 7: ஊசி போட்டால் பால் வத்துமா?

சென்ற வாரம் சீம்பாலோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரக் கேள்வி ஒகேனக்கல்லில் ஒரு மீன் கடையில் கிடைத்தது. பரிசல் துறைக்குப் போகும் வழியில், கட்லாத் துண்டுகளுக்கு மிளகாய் மசாலா தடவிக்கொண்டிருந்தார் ஒரு பெண். பின்னால் சேலைத் தூளி, உள்ளே நாலு மாசக் குழந்தை. தாய்ப்பாலைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், மசாலாக் கையை ஒதுக்கிக்கொண்டு முழங்கையால் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கேட்டார்: "மூணு மாச ஊசி போட்டுக்கச் சொல்றாங்க நர்ஸம்மா. போட்டா பால் வத்திடும்ங்கறாங்க எங்க மாமியார். வத்துமாங்க?"

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது இந்தக் கருத்தடை ஊசிக்குப் பொருந்தாது, ஒரு வகைக் கருத்தடை மாத்திரைக்குத்தான் பொருந்தும்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் ரத்தத்தில் ஏறி நிற்கும். மார்பு தயாராகிவிட்டாலும் பால் பெருகாமல் தடுப்பது அவைதான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இரண்டும் சரிகின்றன. இரண்டு மூன்று நாளில் மார்பு கனத்துப் பால் இறங்குகிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலித்தால், அதை வற்றவைக்க ஒரு காலத்தில் டாக்டர்கள் கொடுத்ததே ஈஸ்ட்ரோஜன்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் மாலா என் மாத்திரையில் இந்த ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அளவு 30 மைக்ரோகிராம்தான். அது போதுமா பாலைக் குறைக்க? 1980களில் உலக சுகாதார நிறுவனம் ஹங்கேரியிலும் தாய்லாந்திலும் தாய்மார்களின் பாலை அளந்து பார்த்தது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்ரோன் போன்ற செயற்கை ஹார்மோன்) சேர்ந்த இதே வகைக் கூட்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் பாலின் அளவு ஏறக்குறைய 40 சதவீதம் இறங்கியது. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. குறைந்ததை மேல்பால் ஈடுகட்டியிருக்கலாம். மேல்பாலுக்கு வழியில்லாத வீட்டில் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அளவு குறைந்ததே தவிர, பாலின் கொழுப்பு, புரதம், சர்க்கரையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இது எனக்குப் புதிதாகப் படவில்லை. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் 1950களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ஏழைத் தாய்மார்களின் பாலை ஆராய்ந்து ஏறக்குறைய இதையே கண்டார். அரைவயிற்றுச் சாப்பாட்டிலும் அவர்களின் பாலில் புரதமும் சர்க்கரையும் பெரிதாக இறங்கவில்லை. வைட்டமின்களிலும் அளவிலும்தான் குறை.

தாயின் உடம்பு பாலைக் காப்பதற்கு, ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லலாம். இந்த மாவட்டத்துப் பாறைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறிய முகங்களைக் கிராமங்களில் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் தாயின் பாலுக்கு ஃபுளோரைடு மிகச் சொற்பமாகத்தான் போகிறது. அதே தண்ணீரில் பால் மாவு கரைத்தால் மொத்தமும் குழந்தைக்குள் இறங்கும்.

சரி, ஊசிக்கு வருவோம். அதன் பெயர் அந்தரா. 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசம். அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. புரோஜெஸ்டின் வகை மருந்து ஒன்றுதான், 150 மில்லிகிராம். அது பாலில் கொஞ்சம் கலக்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. தாய்லாந்தின் சியாங் மாயில் 1960களிலிருந்தே இந்த ஊசி புழக்கத்தில் உண்டு. அங்கே ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் பால் குடித்து வளர்ந்த குழந்தைகளைப் பதின்வயது வரை பார்த்து, ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள்: வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க பாதகம் இல்லை. ஒரு முக்கிய நிபந்தனை, பால் கொடுப்பவருக்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்தே போட வேண்டும்.

எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. தீட்டு முன்பின்னாக வரும், சிலருக்கு நின்றே போகும், ஊசியை நிறுத்தினாலும் மறுபடி கரு தங்கப் பல மாதம் ஆகும் என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் தீட்டு நின்றவள் பயந்துபோகிறாள், அடுத்த ஊசிக்கு வருவதில்லை, பழி பாலின் மேல் விழுகிறது.

"வத்தாதும்மா, தாராளமா போட்டுக்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "அப்ப அவங்க வர்ற வரைக்கும் இருங்க, நீங்களே சொல்லிட்டுப் போங்க" என்று இரண்டு துண்டு மீனை எண்ணெயில் போட்டார். இருந்தேன், மாமியார் வரவில்லை.

ஊசி பிடிக்காதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் வேறு உண்டு. காப்பர் டி இருக்கிறது. லக்னோவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடம் உருவாக்கிய, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது. கைக்குழந்தைக்காரர்கள் மாலா என் அட்டையைக் கையில் வாங்குமுன் குழந்தையின் வயதைச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் முடியவில்லை என்றால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வழி கேளுங்கள்.

(தொடரும்)