கெண்டல் நகரின் வாசனைப் புகையிலை

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் மலிந்த மலைநாட்டை அடுத்துக் கெண்டல் என்னும் சிறு நகரம் உளது. 1792ஆம் ஆண்டில் தோமஸ் ஹரிசன் என்பவர் கிளாஸ்கோவிலிருந்து மூக்குத்தூள் அரைக்கும் பொறிகளை அங்கே கொண்டு வந்தார். மூக்குத்தூளால் பெயர் பெற்ற அந்நகரம் பின்னர் வாசனைச் சுங்கான் புகையிலைக்கும் புகழ் பெற்றது.

அமெரிக்க முறையில் வனிலா, செர்ரிப்பழம் போன்றவற்றின் இனிப்பே பெரும்பாலும் மேலோங்கும். கெண்டல் முறையோ வேறு. வலிய இலையின் இயற்கைச் சுவையை அழிக்காது, அதன்மேல் மலர்மணத்தை ஏற்றுவர். ரோஜா மணமுடைய ஜெரேனியமும், தென்னமெரிக்க மரமொன்றின் வித்தாகிய டொங்காவும் அம்மணத்திற் குறிப்பிடத்தக்கவை. டொங்காவின் நறுமணத்திற்குக் காரணமான கூமரின் என்னும் பொருளை வில்லியம் ஹென்றி பேர்க்கின் 1868இல் செயற்கையாக ஆக்கினார்.

பழகாதவர்க்கு இம்மணம் சவர்க்காரத்தை நினைவூட்டும். பழகியவரோ மலரையும் இலையையும் வேறுவேறாக உணர்ந்து சுவைப்பர். சுங்கானின் மரத்தில் மணம் ஊறி, பின்னர் இடும் புகையிலையிலும் கலந்துவிடும். ஆதலால் இதற்கெனத் தனிச் சுங்கான் வைத்திருப்பர்.

ஆயினும் நறுமணம் புகையின் நஞ்சை நீக்குவதில்லை. புகைத்தலின் கேட்டை இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி 1962இல் தன் அறிக்கையில் விளக்கிற்று. சுங்கான் புகையும் வாய்ப் புற்றுநோயை விளைவிக்க வல்லது. மணமூட்டுவோரின் கைத்திறனைப் போற்ற விரும்புவோர்க்கு, தீ மூட்டாத இலையை முகர்ந்து பார்த்தலே போதும்.