எட்டாம் பாட்டில் இராவணன்

தேவாரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சம்பந்தர் பதிகத்தில் எட்டாம் பாட்டு வந்தால் இராவணனும் வருவான். கயிலையைப் பெயர்க்கப் போய் விரலடியில் நசுங்குவான். ஒன்பதாம் பாட்டில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடிக் களைப்பார்கள். பத்தாவதில் சமணர், பௌத்தர் மீது கண்டனம். பதினொன்றில் பாடியவர் பெயரும் அவர் பிறந்த சீர்காழியும். ஏழாம் நூற்றாண்டுப் பிள்ளை பெரும்பாலான பதிகங்களை இந்த வரிசையில்தான் கட்டியிருக்கிறார்.

மையப்பொருள், மோட்டிஃப், குறியீடு என்ற மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பதிகங்களைத்தான்.

இராவணன் இங்கே மோட்டிஃப், அதாவது திரும்பத் திரும்ப வந்து பொருள் சேர்க்கும் கூறு. ஒரு பாட்டில் மட்டும் பார்த்தால் அவன் புராணக் கதை. பதிகம் பதிகமாக அதே இடத்தில் வந்து நிற்கும்போதுதான் ஏன் என்ற கேள்வி எழுகிறது. ‘இராவணன் என்றால் ஆணவம்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஆனால் அவன் நசுங்கியதோடு கதை முடியவில்லையே! வலியில் பாடுகிறான், வாளும் வாழ்நாளும் பெறுகிறான். அடுத்த பாட்டிலோ, அயனும் மாலும் தேடியும் காணாமல் நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: வலிமைக்கும் எட்டாதவன், தேடலுக்கும் எட்டாதவன், உருகியவனுக்கு இரங்குகிறான். இதுதான் மையப்பொருள். ‘அருள்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் போதாது. அருளைப் பற்றிப் பதிகம் என்ன சொல்கிறது என்பதை முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பத்தாம் பாட்டின் கடுமை இன்று உறுத்துகிறது. அதுவும் மோட்டிஃப்தான், அந்தக் காலத்துச் சமயப் போரின் தடம். அதைத் தாண்டிப் போகிறவர்கள் சம்பந்தரை அரைகுறையாகவே படிக்கிறார்கள்.

குறியீட்டுக்குச் சீர்காழிக் கோயிலுக்கே போகலாம். கீழே பிரமபுரீசுவரர், படியேறினால் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர். ஊழிவெள்ளத்தில் இறைவன் தோணியில் வந்து தங்கிய இடம் என்கிறது தலபுராணம். ஊரின் பன்னிரண்டு பெயர்களில் தோணிபுரமும் ஒன்று. கதைக்குள் தோணி நீரில் மிதக்கும் மரக்கலம்தான். கூடவே, எல்லாம் மூழ்கும்போதும் மூழ்காத ஒன்றையும் சுட்டுகிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதைக் கண்டவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குறியீடு ஒருமுறை வந்தாலும் குறியீடுதான். மோட்டிஃபுக்கு மட்டுமே திரும்ப வருதல் கட்டாயம்.

இரண்டும் ஒரே பொருளில் கூடுவதும் உண்டு. சீர்காழி வட்டத்திலேயே இருக்கும் பூம்புகாரில் தொடங்கும் சிலப்பதிகாரத்தில், கண்ணகியின் காலில் இருந்த சிலம்பு பிறகு விலைபொருளாகிறது, திருட்டுப்பழிக்குக் காரணமாகிறது, அரசவையில் உடைந்து மாணிக்கம் தெறிக்கச் சாட்சி சொல்கிறது. வரும் இடமெல்லாம் அதன் பொருள் கனத்துக்கொண்டே போகிறது. காப்பியத்தின் மூன்று மையப்பொருள்களையும் இளங்கோ நூலின் முன்னுரையான பதிகத்திலேயே சொல்லிவிடுகிறார். அவற்றில் சிலம்பு இல்லை, அறமும் கற்பும் ஊழ்வினையுமே இருக்கின்றன.

தொலைக்காட்சிக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். சன் டிவியில் 2002இல் தொடங்கிய திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யில் மெட்டி, திருமணத்தின் குறியீடு. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகும் அப்பாவின் கவலை தீர்வதில்லை என்பது மையப்பொருள். ஆனால் நம் தொடர்களில் அதிர்ந்த முகத்தை இடி முழக்கத்தோடு மூன்று முறை காட்டுகிறார்களே, அது எத்தனை வாரம் வந்தாலும் மோட்டிஃப் ஆகாது. அதை வெட்டி எறிந்தாலும் கதையின் பொருளில் எதுவும் குறையாது. சம்பந்தரின் எட்டாம் பாட்டை எடுத்துவிட்டால் ஒன்பதாம் பாட்டுக்கு அர்த்தம் பாதியாகிவிடும்.