உங்களுக்குத் தெரியுமா? திருப்பூர்க் குழாயும் நீதிமன்றமும்

இந்தியாவில் தனியார் பங்கேற்புடன் வந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டம் திருப்பூருடையது. 1995-ல் தொடங்கிய புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம், சுமார் 1,023 கோடி ரூபாய் செலவில், பவானி அருகிலிருந்து 50 கி.மீ.க்கு மேல் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தது.

தொடக்கத்தில் ஆயிரம் லிட்டருக்குச் சாயப்பட்டறைகள் 45 ரூபாய் கொடுத்தன. நகராட்சிக்கு 5 ரூபாய், கிராமங்களுக்கு 3.50 ரூபாய். தினசரி 18.5 கோடி லிட்டரில் 12.5 கோடி லிட்டர் பட்டறைகளுக்கென்றே திட்டமிடப்பட்டது. வீட்டுக் குழாய்த் தண்ணீரின் விலையைத் தாங்கியது பனியன் துணிக்குப் போட்ட சாயம்தான்!

அந்தச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல்களைக் கெடுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளுக்குச் சலுகை தரவில்லை. 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவானது. 45 ரூபாய் கொடுத்தவர்கள் குறைந்ததும் குடிநீர்த் திட்டம் கடனில் தள்ளாடியது. விவசாயிகள் கேட்டது முழு நியாயம். ஆற்றைக் கெடுக்கும் தொழிலை நம்பி ஊரின் குடிநீர் விலையை வைத்ததுதான் தவறு.

அதே 2009 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோ பகுதி மக்கள் தொடுத்த தண்ணீர் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. இலவச அளவுக்கு மேல் முன்பணம் கட்டினால்தான் தண்ணீர் விடும் மீட்டரை எதிர்த்து, ஆளுக்குத் தினம் 50 லிட்டர் இலவசமாகக் கேட்டார்கள். 25 லிட்டரே போதும் என்ற மாநகராட்சியின் பக்கம் நின்றது அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம். வருத்தமான தீர்ப்பு.

இதற்கு மாறாக, இங்கிலாந்தில் கட்டண பாக்கிக்காக வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க 1999 முதல் சட்டப்படி தடை.

மாசற்ற நீர் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 1991-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதியற்ற குடிசைவாசிகளுக்கும் தண்ணீர் தர வேண்டும் என்றது 2014-ல் மும்பை உயர் நீதிமன்றம். ஆனால், லிட்டருக்கு இவ்வளவுதான் விலை என்று இந்தத் தீர்ப்புகள் வரையறுக்கவில்லை.

உங்கள் ஊரில் குடிநீர்க் கட்டணம் ஏறினால், மன்றத் தீர்மானத்தின் நகலையும் செலவுக் கணக்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்குக்கு முதல் ஆவணமே அந்தப் பதில்தான்.