மதிலுக்கு அடங்காத தண்ணீர்

சென்னைக்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியைக் கடந்து கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் எனப் பயணிப்பவர்கள் இரண்டு ஊர்களை ஒருசேரக் காணலாம். ஒருபுறம் ஏரி, வயல், மேய்ச்சல் மாடுகள். மறுபுறம் நீச்சல் குளமும் காவலாளிகளும் கொண்ட அடுக்குமாடி வளாகங்கள். நகரத்து வருமானத்தோடு கிராமத்துக் காற்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் வசதி படைத்த குடும்பங்களை இங்கு ஈர்க்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நானும் அவ்வாறே இப்பகுதிக்குக் குடிவந்தேன்.

இங்கு வாழ்வோருக்குக் குறைகள் எளிதில் தெரிவதில்லை. குறைகள் இல்லை என்பதல்ல காரணம். அவற்றை விலை கொடுத்து விலக்கிவைக்க நம்மால் முடிகிறது. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இயங்குகிறது. ஆழ்துளைக் கிணறு வற்றினால் தண்ணீர் லாரி வருகிறது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் வளாகத்துக்குள் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஊராட்சிக்கு ஆண்டு முழுவதற்கும் நான் செலுத்தும் வீட்டு வரியை, குடியிருப்போர் சங்கத்துக்குச் செலுத்தும் ஓரிரு மாதப் பராமரிப்புக் கட்டணமே மிஞ்சிவிடுகிறது.

இதன் விளைவை விளங்கிக்கொள்ள, பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூல் உதவும். ஒரு சேவையின் தரம் குறையும்போது மக்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன என்றார் அவர். ஒன்று விலகிச் செல்வது. மற்றொன்று குரல் எழுப்புவது. நைஜீரிய ரயில்வேயை அவர் எடுத்துக்காட்டினார். லாரிப் போக்குவரத்து கிடைத்ததும், தரத்தில் அதிக அக்கறை கொண்ட வாடிக்கையாளர்களே முதலில் விலகினார்கள். ரயில்வேயைத் திருத்தும் வகையில் உரத்துக் கேட்கக் கூடியவர்களும் அவர்களே. கேட்பார் இல்லாததால் ரயில்வே சீர்படவே இல்லை.

நம் புறநகர்களில் ஊராட்சிக்கு நேர்வதும் இதுதான். கணக்குக் கேட்கவும், சட்டம் படிக்கவும், அதிகாரிகளுக்கு எழுதவும் தெரிந்தவர்கள் மதிலுக்குள் இருந்துவிடுகிறார்கள். விலகிச் செல்லப் பணமில்லாதவர்கள் மட்டும் ஊராட்சிக் குழாயின் முன் காத்திருக்கிறார்கள்.

ஆனால், எல்லாவற்றிலிருந்தும் விலகிவிட முடியாது. லாரியில் வரும் தண்ணீர் பெரும்பாலும் பக்கத்து ஊர் விவசாயக் கிணறுகளிலிருந்து எடுக்கப்படுவது. தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீர் நில உரிமையாளருக்கே உரியது என்ற கருத்துக்கு 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்றும் துணை நிற்கிறது. நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003-இல் இயற்றப்பட்ட சட்டமும் 2013-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிலத்துக்கு வேலி போடலாம். நீருக்குப் போட முடியாது. கடலும் முட்டுக்காடு உப்பங்கழியும் அருகில் இருக்க, அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்தை உப்புநீர் நிரப்பும். ஒருமுறை உவர்ப்பேறிய நிலத்தடி நீர் எளிதில் மீளாது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்த 2019-இல், இச்சாலையிலுள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொன்னதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதே சிக்கலை லாஸ் ஏஞ்சலீஸ் நகரையொட்டிய கடலோரப் புறநகர்கள் முன்பே சந்தித்தன. பொருளியலுக்கான நோபல் பரிசை 2009-இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1965-இல் முடித்த தம் முனைவர் பட்ட ஆய்வில் ஆராய்ந்தது அந்தப் பகுதியின் நிலத்தடி நீரைத்தான். அங்கு நீர் எடுத்தோர் சங்கமாகக் கூடினர். யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்று பேசி, நீதிமன்றத்தின் வழியே உடன்பாடு கண்டனர். கடலோரக் கிணறுகளில் நன்னீரைச் செலுத்தி உப்புநீருக்குத் தடுப்பும் அமைத்தனர். அளப்பதும், பகிர்வதும், கண்காணிப்பதும் அவர்களுடைய பொதுப் பொறுப்பாயின.

நமக்கும் அப்படிக் கூடிப் பேச ஓர் அவை ஏற்கெனவே உண்டு. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. ஏரியைத் தூர்வாருவது, வரத்துக் கால்வாயை மீட்பது, லாரிகள் எடுக்கும் நீருக்குக் கணக்கு வைப்பது ஆகியவற்றைப் பேச வேண்டிய இடம் அது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

வளாகவாசிகள் பலருடைய வாக்கு இன்னமும் பழைய நகர முகவரியிலேயே இருக்கிறது. இருக்கும் ஊரில் வாக்கு இல்லாதவருக்கு அந்த ஊரின் சபையிலும் இடமில்லை. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐ இணையத்திலேயே நிரப்பிவிடலாம். அதற்குச் செலவும் இல்லை. அடுத்த கிராம சபைக்குள் வளாகங்களில் வாழும் நாம் ஒவ்வொருவரும் அதைச் செய்து முடிப்போம். பிறகு அந்தக் கூட்டத்துக்குச் சென்று, நம் வளாகம் மாதந்தோறும் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறது என்ற கணக்கை நாமே முதலில் முன்வைப்போம்.