எதுவரை வீடு?

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டை 2,500 சதுர அடி என்று விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் கடனுக்காக வரும் மதிப்பீட்டாளர் வீட்டைச் சுற்றி அளந்துவிட்டு 1,500 என்று எழுதுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, டேப்பிலும் கோளாறு இல்லை. சரிவான மனையில் கட்டிய அந்த வீட்டின் கீழ்த்தளத்தை விற்பவர் சேர்த்துக்கொண்டார், மதிப்பீட்டாளர் தனியே எடுத்துவைத்தார்.

நீளத்தை அகலத்தால் பெருக்கினால் சதுர அடி வந்துவிடும், இதற்கு எதற்கு விதிப்புத்தகம் என்று தோன்றலாம். பெருக்குவதில் யாருக்கும் சண்டை இல்லை. டேப்பை எந்தச் சுவரில் வைப்பது, எந்த அறையை விட்டுவிடுவது என்பதில்தான் வழக்கு. கட்டியவர் ஒரு கணக்கு, தரகர் ஒரு கணக்கு, சொத்துவரிப் பதிவேடு இன்னொரு கணக்கு என்று ஒரே வீட்டுக்கு மூன்று எண்கள் இருக்கலாம். மற்றவர்களுக்கு அது சின்னத் தொல்லை. மதிப்பீட்டாளருக்கோ பிழைப்பே ஒப்பீட்டில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் அண்மையில் விலைபோன, ஏறக்குறைய இதே மாதிரியான வீடுகளை எடுத்து, ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் விலையைக் கூட்டியோ குறைத்தோ இந்த வீட்டின் மதிப்புக்கு வருவார். ஒரு வீட்டை உள்சுவர் வழியாகவும் அடுத்ததை வெளிச்சுவர் வழியாகவும் அளந்திருந்தால் அந்தக் கூட்டல் கழித்தல் எதுவும் செல்லாது.

இந்தக் குழப்பத்துக்கு அமெரிக்கர்கள் கண்ட வழியின் பெயர் ஆன்ஸி இசட்765. தனிவீடுகளுக்கும், பக்கச்சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டப்படும் வீடுகளுக்குமான அளவீட்டுத் தரம் அது. ஆன்ஸி என்ற அமெரிக்க தேசியத் தர நிறுவனம் தானே விதிகளை எழுதுவதில்லை, பிறர் முறைப்படி எழுதியதை அங்கீகரிக்கும். இதை எழுதியது வீடு கட்டுநர் சங்கத்தின் ஆய்வுப் பிரிவு. 1996இல் முதல் பதிப்பு வந்தது. வெகுகாலம் அது விரும்பியவர் பின்பற்றும் ஏடாகவே இருந்தது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே என்ற நிறுவனம், 2022 ஏப்ரல் 1 முதல் மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து அளக்கும் வீடுகளுக்கு இந்த முறைதான் வேண்டும் என்று சொன்ன பிறகே அதற்குப் பல் முளைத்தது. ஃபேனி மே ஏற்காத கடனைக் கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். சட்டசபை எதுவும் கூடாமலேயே விதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

முதல் விதி, வெளிச்சுவரின் வெளிப்பூச்சு வரை அளக்க வேண்டும். சுவரின் கனமும் வீட்டுப் பரப்பில் சேரும். வெளியே 40 அடிக்கு 30 அடி உள்ள ஒரு வீடு 1,200 சதுர அடி. சுவர் ஆறு அங்குலம் என்றால் உள்ளே கிடைப்பது 39க்கு 29, அதாவது 1,131. மிச்சம் 69 சதுர அடியில் செங்கல்லும் மரச்சட்டமும்தான் குடியிருக்கின்றன. அடுத்த வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதன் நடுக்கோடு வரை இவருக்கு. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தத் தரம் பொருந்தாது, அங்கே உள்சுவர் அளவுதான்.

நம் ஊரில் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர் சேராது. குழாய்கள் இறங்கும் ஷாஃப்ட், சொந்த பால்கனி, திறந்த மொட்டை மாடி எதுவும் சேராது. அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் மட்டும் சேரும். லிஃப்டிலும் படிக்கட்டிலும் ஆளுக்கொரு பங்கு போட்டு 'சூப்பர் பில்ட்-அப்' என்று விற்ற பழக்கத்துக்குக் கடிவாளம் போட வந்த சட்டம் என்பதால் அதன் அக்கறை, வாங்குபவர் கால் வைக்கும் தரையின் மேல். அமெரிக்கத் தரத்தின் அக்கறை வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி அளப்பதில். நோக்கம் வேறு என்பதால் இரண்டில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு வைத்து விலை பேசினால்தான் ஆபத்து.

அளவை அங்குலம் வரை, அல்லது அடியில் பத்தில் ஒரு பங்கு வரை எடுக்க வேண்டும். கடைசியில் வரும் பரப்பைத்தான் முழு எண்ணாக்கலாம். வீண் கறார் போலத் தெரியும். 40 அடி 3 அங்குலத்தையும் 30 அடி 3 அங்குலத்தையும் முழு அடியாகக் குறைத்துப் பாருங்கள், பதினேழரைச் சதுர அடி காணாமல் போகும்.

இனி, எது வீடு? ஆண்டு முழுவதும் குடியிருக்கத் தக்கதாக, சுவரும் தரையும் கூரையும் வீட்டின் மற்ற பகுதிகளைப் போலவே பூசி முடித்ததாக இருக்க வேண்டும். கார் நிறுத்தும் கராஜ் சேராது. கோடையில் மட்டும் உட்காரக்கூடிய, வெப்பவசதி இல்லாத கண்ணாடித் தாழ்வாரமும் சேராது. தோட்டத்தில் தனியே நிற்கும் விருந்தினர் அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது. கராஜுக்கு மேலே உள்ள அறை கொஞ்சம் விசித்திரம். வீட்டுக்குள்ளிருந்தே அதற்குப் போக முடிந்தால் சேரும். கராஜுக்குள் நுழைந்து ஏறினால்தான் போக முடியும் என்றால் சேராது.

உயரத்துக்கும் விதி உண்டு. தட்டையான கூரை ஏழு அடிக்குக் குறையக் கூடாது, உத்தரத்தின் கீழோ காற்றுக்குழாயின் கீழோ மட்டும் ஆறு அடி நான்கு அங்குலம் போதும். சாய்கூரையின் கீழுள்ள மாடியறையில் விதி சுவாரசியமாகிறது. ஐந்து அடிக்குக் கீழே தாழ்ந்த ஓரங்களைக் கழித்துவிட வேண்டும். மேலும் அறையின் பரப்பில் பாதிக்காவது ஏழு அடி உயரம் இருக்க வேண்டும். 20 அடி அகலம், 15 அடி நீளமுள்ள ஓர் அறை. இரு பக்கமும் மூன்றடிச் சுவர், அங்கிருந்து கூரை அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே வந்தால் ஐந்தடி உயரம், நான்கடி வந்தால் ஏழடி. ஆக 16 அடி அகலம் கணக்கில் வரும், அதில் 12 அடிக்கு ஏழடி உயரம் இருக்கிறது. அறை தேறிவிட்டது, 240 சதுர அடி.

இப்போது பக்கச்சுவரைச் சற்று உயர்த்தி, கூரையைப் படுக்கவையுங்கள். ஐந்தடி உயரம் முன்போலவே ஓரத்திலிருந்து இரண்டடியில் கிடைக்கிறது, ஏழடிக்கோ ஏழு அடி உள்ளே வர வேண்டியிருக்கிறது. நடுவில் நின்றால் தலைக்கு மேல் எட்டடிக்கும் அதிகம். ஆனால் ஏழடி உயரம் உள்ள அகலம் வெறும் ஆறு அடிதான், பாதி தேறவில்லை. அறையின் பரப்பு சுழியம். கட்டிலும் அலமாரியும் போட்டுப் பிள்ளைகள் தூங்கும் அறை, இந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

படிக்கட்டு எந்தத் தளத்துக்குச் சொந்தம் என்பதற்கும் பதில் உண்டு. எந்தத் தளத்திலிருந்து கீழே இறங்குகிறதோ அந்தத் தளத்துக்கு. படியின் அடியிலுள்ள இடம் கீழ்த்தளத்தின் பரப்பிலும் சேர்ந்துவிடுவதால் ஒரே இடம் இருமுறை எண்ணப்படுகிறது. ஆனால் வாசற்கூடம் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்திருந்தால், மேலே உள்ள அந்த வெற்றிடத்துக்கு ஒரு சதுர அடியும் கிடையாது. காற்றுக்குக் கணக்கில்லை, நியாயம்தான்.

அதிகமாகக் கோபம் கிளப்புவது தரைமட்ட விதி. ஒரு தளத்தின் ஏதாவது ஒரு பகுதி மண்மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் அந்தத் தளம் முழுவதும் கீழ்த்தளமே. நாம் தொடக்கத்தில் பார்த்த வீடு இப்படித்தான். முன்பக்கம் மண்ணுக்குள், பின்பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு திறந்து நேரே தோட்டம். வெயில் வருகிறது, காற்று வருகிறது, குளியலறைகூட இருக்கிறது. இருந்தும் அந்த ஆயிரம் சதுர அடி, தரைக்கு மேலுள்ள குடியிருப்புப் பரப்பில் சேராது. முன்சுவரில் நாலடிக்கு மண் அணைத்திருந்தாலே போதும், முழுத் தளமும் விழுந்துவிடும்.

கடுமையான விதி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் எத்தனை சதவீதம் மண்ணுக்குள் இருக்கலாம் என்று பேரம் பேச ஆரம்பித்தால், ஒவ்வொரு சரிவிலும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் ஒரு முடிவுக்கு வருவார். பழைய குழப்பமே திரும்பும். இன்னொன்று, சேர்க்கவில்லை என்பதற்கு மதிப்பில்லை என்று பொருளல்ல. அறிக்கையில் கீழ்த்தளத்துக்கென்று தனி வரி உண்டு. அதன் பரப்பு, அதில் பூசி முடித்தது எவ்வளவு, அதற்கு அந்த வட்டாரத்தில் என்ன விலை கிடைக்கிறது என்பதெல்லாம் அங்கே வரும். உயரம் போதாமல் விழுந்த மாடியறைக்கும் அப்படியே தனி வரி. மின்னசோட்டாவிலும் கொலராடோவிலும் கீழ்த்தளம் சகஜம், ஃபுளோரிடாவில் அபூர்வம். அது விலையை எவ்வளவு ஏற்றும் என்பதை அந்தந்த ஊர்ச் சந்தைதான் சொல்ல முடியும், அளவுத் தரம் சொல்லாது. சதுர அடிக்கு இத்தனை டாலர் என்று மொத்தத்தையும் ஒரே விலையில் பெருக்கிவந்த விற்பனையாளர்களுக்குத்தான் இதனால் சங்கடம்.

விதியை எழுதியவர்கள் எல்லா வீட்டையும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. மண்மேட்டை அணைத்து, வாசல் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டுக் கட்டும் வீடுகள் அங்கே உண்டு. குளிருக்கும் வெயிலுக்கும் மண்ணே போர்வை. விதியை எழுத்துப்படி பிடித்தால், ஒரு குடும்பம் குடியிருக்கும் அந்த முழு வீட்டுக்கும் தரைக்கு மேலுள்ள பரப்பு சுழியம். அத்தகைய வீட்டுக்கு மதிப்பீட்டாளர் அறிக்கையில் ஒரு விதிவிலக்குக் குறியீட்டைப் போட்டு, தரத்தை ஏன் பின்பற்ற முடியவில்லை என்று காரணம் எழுதிவிட்டுத் தன் கணக்கில் அளக்கலாம்.