9 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட் எங்கே போச்சு?

போன எபிசோடுக்கு வந்த மெயில்கள்ல, முதல் வருஷம் எஞ்சினியரிங் படிக்கிற ஒரு மாணவியோட கேள்வி மனசுல நின்னுடுச்சு: "சிமுலேட்டர் இலவசமா கிடைக்குதே, இன்னும் எதுக்கு சர்க்யூட் லேப்?"

நியாயமான கேள்வி. பதிலா ஒரு சின்ன சோதனை சொல்றேன். ஒரு 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ரெண்டு. ரெண்டையும் வரிசையா இணைங்க. ஒவ்வொண்ணுக்கும் 4.5 வோல்ட் வரணும். சிமுலேட்டரும் அதைத்தான் காட்டும். இப்போ கடையில கிடைக்கிறதுலயே மலிவான மல்டிமீட்டரை வச்சுப் பாருங்க. முதல் ரெசிஸ்டர்ல 3 வோல்ட். அடுத்ததுலயும் 3. கூட்டினா 6. பேட்டரியில நேரா வச்சா 9!

கிர்ச்சாஃப் விதி பொய்யா? (1845-ல் அதை எழுதினப்போ அவரே 21 வயசு மாணவர்தான்.) விதி சரி, நாமதான் சர்க்யூட்டை மாத்திட்டோம். அந்த மாதிரி மீட்டர் பலதுக்கு உள்தடை 1 மெகா ஓம்தான். ரெசிஸ்டருக்குக் குறுக்கே வச்சதும் மின்னோட்டம் ரெண்டு வழியா பிரியுது. அந்த இடத்துல தடை பாதியாகுது. உள்தடை 10 மெகா ஓம் இருக்கிற நல்ல மீட்டர்னா சுமார் 4.29 காட்டும். அதுவும் 4.5 இல்லை. அளக்கிற கருவியும் சர்க்யூட்டுல ஒரு உறுப்பினர்தான்.

நம்ம ஊர் காலேஜ்கள்ல இந்த ஆச்சரியம் ஏன் வரமாட்டேங்குது? கொடுக்கிறது பெரும்பாலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதுல எந்த மீட்டர் வச்சாலும் கணக்கு சுத்தமா வரும். சோதனைக்குத் தலைப்பே 'கிர்ச்சாஃப் விதிகளைச் சரிபார்த்தல்'. விடை முன்னாடியே தெரியும். அப்புறம் சீனியரோட ரெக்கார்டு நோட்டு எதுக்கு இருக்கு? இப்படி நடத்துற லேபுக்கு சிமுலேட்டரே மேல்னு நானும் சொல்வேன்.

நான் இருக்கிற செயின்ட்-மிஷேல், மான்ட்ரியல் மெட்ரோவோட நீல லைன்ல கடைசி ஸ்டேஷன். ரெண்டு தடவை லைன் மாறினா மெக்கில் பல்கலைக்கழகம். அங்க 1893-ல் திறந்த மெக்டொனால்ட் இயற்பியல் கட்டடம் இப்போ நூலகம். பணம் கொடுத்த வில்லியம் மெக்டொனால்ட் புகையிலை வியாபாரி. புகைபிடிக்கிறதே அவருக்குப் பிடிக்காதாம், அது தனிக் கதை. அந்தக் கட்டடத்துல இரும்பைத் தவிர்த்து மரம், கல், செம்பு, பித்தளை, வெண்கலம்னு கட்டினாங்க. அந்தக் காலத்து கால்வனோமீட்டர்கள்ல காந்த ஊசி திரும்புறதை வச்சுத்தான் மின்னோட்டத்தை அளந்தாங்க. சுவத்துல இரும்பு இருந்தா ஊசி அதுக்கும் அசையும். அதாவது, கட்டடமே சர்க்யூட்டுக்குள்ள வந்துடும்னு யோசிச்சிருக்காங்க. 1898-லிருந்து 1907 வரைக்கும் ரூதர்ஃபோர்ட் கதிரியக்கத்தை ஆராய்ஞ்சது இங்கதான். கதிர்கள் காத்துல உண்டாக்குற மிகச் சின்ன மின்னோட்டத்தை எலக்ட்ரோமீட்டர் வச்சு அளந்தார். 1908-ல் நோபல் பரிசு, அதுவும் வேதியியலுக்கு.

சிமுலேட்டர்ல மீட்டரோட உள்தடையையும் ஒரு ரெசிஸ்டரா போடலாமேன்னு கேப்பீங்க. போடலாம், 3 வோல்ட்டும் வரும். ஆனா அதைப் போடணும்னு முதல்ல தெரியணுமே! கணக்குக்கும் மீட்டருக்கும் ஒத்துப்போகாத அந்தப் பத்து நிமிஷ எரிச்சல்லதான் அது தெரியவரும். கான்ட்ராக்ட் வேலையில எனக்கு தினமும் தேவைப்படறது இந்தச் சந்தேகம்தான். சர்வர் மெதுவா இருக்குன்னு டீபக் லாகை முழுசா திறந்துவிடுவாங்க. அப்புறம் பார்த்தா, லாக் எழுதுறதுலயே டிஸ்க் திணறிட்டு இருக்கும்.

அதனால அந்தத் தங்கச்சிக்கு என் பதில்: லேபுக்குப் போங்க, ஆனா 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ரெண்டு கேட்டு வாங்குங்க. மத்தவங்களும் வீட்ல செஞ்சு பாருங்க. ரீடிங்கோட மீட்டர் மாடலையும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறோம்.